மாமி வளவில் வளர்த்த புழு

தென்னைக்குக் கீழே நின்று நிமிர்ந்து பார்க்கிறவனுக்குத் தெரிவதெல்லாம் ஓலையின் கீழ்ப்பக்கம்தான். இலங்கையின் கிழக்கே கல்முனைக் கரையில் பிறந்து, தென்னைகளுக்குள்ளேயே வளர்ந்தும், இருபது வயது தாண்டும் வரை நான் அந்தக் கீழ்ப்பக்கத்தைப் பார்த்ததில்லை. பார்ப்பதற்குச் சம்பளம் தந்தார்கள், பார்த்தேன். பிறகு வேறெதையும் பார்க்கத் தோன்றாதவனாகிப் போனேன். நான் செய்த பிழையும் அங்கேதான் தொடங்கியது.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. எங்கள் கரையோரத் தென்னைகளில் புழு விழுந்திருந்தது. ஊரில் அதற்குத் தனிப்பெயர் இல்லை, வெறும் புழுதான். அரசாங்கக் கந்தோர்க் காகிதங்களில் கருந்தலைப் புழு. வறண்ட கச்சான் காற்று வீசத் தொடங்கினால் அடி ஓலைகள் முதலில் சாம்பல் நிறமாகும், பிறகு காய்ந்த புகையிலையின் நிறம். தூரத்தில் நின்று பார்த்தால் யாரோ தீவட்டி பிடித்து மரம் மரமாகச் சுட்டுக்கொண்டு போனதுபோல் இருக்கும். நடுக்குருத்து மட்டும் பச்சையாக நிற்கும். குரும்பை உதிரும். அதற்கு அதுவரை இருந்த வைத்தியம் ஒன்றுதான்: பிடித்த ஓலைகளை வெட்டி எரிப்பது. எரித்த பிறகு மரம் தலை மழித்த பிள்ளைபோல் நிற்கும். அடுத்த காற்றுக் காலத்தில் புழு மறுபடியும் வரும்.

அந்த நேரத்தில்தான் குளவி வளர்க்கும் நிலையம் ஒன்று எங்கள் பக்கத்தில் வந்தது. ஓடு போட்ட ஒரு நீள அறை. எறும்பு ஏறாமல் இருப்பதற்காக மேசைகளின் கால்கள் எல்லாம் தண்ணீர்த் தகரங்களுக்குள் நின்றன. அலுமாரி அலுமாரியாகக் கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றின் வாயிலும் பஞ்சு. எஸ்.எஸ்.சி. பாஸாகிவிட்டு வீட்டில் சும்மா இருந்த எனக்கு அங்கே உதவியாளர் வேலை கிடைத்தது. வாப்பாவுக்கு அதைக் கூட்டாளிகளிடம் சொல்ல வெட்கம்.

“கவர்மெண்ட் உத்தியோகம்தான்,” என்பார். “என்ன வேல எண்டு மட்டும் கேக்காதீங்க.”

யாராவது கேட்டுவிடுவார்கள். “குளவிக்குத் தீன் போடுறான்,” என்பார் வாப்பா. “படிக்க வச்ச காசுக்கு ஆடு வாங்கி விட்டிருந்தா ஆட்டுக்குத் தீன் போட்டிருப்பான். அதெண்டாலும் பால் தரும்.”

நிலையத்தின் பொறுப்பதிகாரி மேற்குக் கரையிலிருந்து வந்த சிங்களவர். தமிழ் கொஞ்சம், ஆங்கிலம் நிறைய, பொறுமை அதைவிட நிறைய. முதல் நாள் ஒரு குழாயையும் ஒரு பூதக்கண்ணாடியையும் என் கையில் தந்தார். “பார். மூச்சு மட்டும் மெதுவா விடு,” என்றார்.

குழாய்க்குள் ஓலைத்துண்டு ஒன்றும், அதன் மேல் புழு ஒன்றும் இருந்தன. பக்கத்தில் கறுப்பாக ஒரு எறும்பு. எறும்பில்லை, குளவி, அரிசிக் குறுநொய் அளவுதான் இருக்கும். புழுவின் உடம்போடு ஒப்பிட்டால் மாட்டின் பக்கத்தில் நிற்கும் கோழிக்குஞ்சு. அது புழுவைச் சுற்றி ஒருமுறை நடந்தது. உணர்கொம்புகளால் தட்டிப் பார்த்தது. திடீரென்று ஏறிப் பிடித்துக்கொண்டு, வயிற்றை வளைத்துத் தலைக்குக் கீழே குத்தியது. புழு உருண்டது, வளைந்தது, குழாயில் அடித்துக்கொண்டது. குளவி விடவில்லை. கொஞ்ச நேரத்தில் புழு அடங்கிவிட்டது.

“செத்துட்டுது,” என்றேன்.

“சாகவில்லை. செத்தால் அழுகிப்போகும். பிள்ளைகளுக்கு அழுகின சோறு கொடுக்கிற தாய் இருக்கிறாளா?”

பிறகு வந்த நாட்களில் அந்தக் குழாயை நான் எடுத்து எடுத்துப் பார்த்தேன். குளவி புழுவின் மேல் முட்டைகளைப் பாய் முடைந்ததுபோல் ஒழுங்காகக் கிடத்தி வைத்தது. முட்டை பொரித்துச் சின்னச் சின்னக் குஞ்சுகள் தலையைப் புழுவின் தோலுக்குள் விட்டு, உடம்பு வெளியே தொங்கக் கிடந்து குடித்தன. அவை பருக்கப் பருக்கப் புழு சுருங்கியது. தாய்க்குளவி எங்கேயும் போகவில்லை. பக்கத்திலேயே நின்றது. ஒரு குஞ்சு கழன்று விழுந்தால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தது. கடைசியில் புழுவின் இடத்தில் காய்ந்த தோல் ஒரு துணுக்கு. அதன் ஓரத்தில் வரிசையாகச் சின்னச் சின்னப் பட்டுக் கூடுகள். அந்தக் கூடுகளுக்கும் தாய் காவல் நின்றது.

இதைப் பார்த்த எனக்கு அருவருப்பு வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று சிலர் பிற்காலத்தில் சொன்னார்கள். எனக்கு வந்தது ஆசை. சாப்பிடும்போதும் பள்ளியில் தொழுகைக்கு நிற்கும்போதும் அந்தக் குழாய்தான் மனதில் நின்றது. எந்த இடத்தில் குத்த வேண்டும் என்று அதற்கு யார் சொன்னது? சின்னப் புழுவென்றால் முட்டை கொஞ்சம், பெரிய புழுவென்றால் நிறைய: கணக்கை எங்கே வைத்திருக்கிறது? இன்னொரு வகைக் குளவியும் வளர்த்தோம். அது தூசுபோல் இருக்கும். புழுவை அது சீண்டாது. புழு கூட்டுப்புழுவாகிக் கிடக்கும்போதுதான் அதற்குள் முட்டையிடும். கூட்டுப்புழு ஒன்றில் ஊசித்துளை விழும். அந்தத் துளையால் ஒன்றன் பின் ஒன்றாக, பெருநாள் தொழுகை முடிந்து பள்ளி வாசலால் சனம் வருவதுபோல் வந்துகொண்டே இருக்கும்.

ஒருநாள் அதிகாரியிடம் கேட்டேன். “சேர், இந்தக் குளவி எல்லாப் புழுவையும் திண்டு முடிச்சுப்போட்டா பிறகு என்ன செய்யும்?”

அவர் சிரித்தார். “முடிக்காது. புழு குறைந்தால் குளவிக்குப் பசி. குளவி குறைந்தால் புழு கூடும். புழு கூடினால் பின்னாலேயே குளவி வரும். புழுவை அடியோடு முடித்த குளவி உலகத்தில் இருந்திருக்கலாம். இப்போது அது இல்லை.”

இந்தப் பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எங்கள் நிலையத்தையே அது சுற்றி வளைத்துப் பிடிக்கும் என்று அப்போது தோன்றவில்லை. நாங்கள் குளவி விட்ட தென்னை வளவுகளில் புழு மெல்ல மெல்லக் குறைந்தது. அதிகாரிக்குச் சந்தோஷம். ஆனால் குளவி வளர்க்கப் புழு வேண்டும், உயிருள்ள புழு, கிழமைக்குக் கிழமை சாக்குச் சாக்காக. பக்கத்து வளவுகளில் அது கிடைக்காமல் போயிற்று. தூரத்திலிருந்து வண்டியில் கொண்டுவந்தால் வெயிலில் பாதி செத்துவிடும். தெற்கே பொத்துவில் பக்கத்தில் புழு புதிதாகப் பரவுகிறது, குளவி அனுப்புங்கள் என்று கடிதம் வந்திருந்த நேரம் அது. வளர்ப்பு நின்றால் அனுப்ப ஒன்றும் இருக்காது. நான் திறமையாக வேலை செய்தால் மேற்குக் கரையில் பயிற்சிக்கு அனுப்பச் சிபாரிசு செய்வதாக அதிகாரி எனக்குச் சொல்லியிருந்தார்.

அப்போதுதான் எனக்கு மாமியின் வளவு ஞாபகம் வந்தது.

மாமி வாப்பாவின் தங்கை. மாமா மௌத்தாகிப் பல வருடம். ஒரே மகள், எனக்கு மச்சி, என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். கடலுக்கும் பெரிய தெருவுக்கும் நடுவில் அவர்களுடைய வளவு. ஒரு கல்வீடு, ஒரு கிணறு, மற்றதெல்லாம் தென்னை. எங்கள் பக்கத்தில் பெண் கலியாணம் முடித்து வேறு வீட்டுக்குப் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண்ணுடைய வீட்டுக்கு வருவான். வீடும் வளவும் பெண்ணின் பெயரில் எழுதப்படும். ஆகவே பெண் பார்க்க வருகிற ஆட்கள் முதலில் வளவைத்தான் பார்ப்பார்கள். பெண் கறுப்பா சிவப்பா என்ற கேள்வி, தென்னை பச்சையா மஞ்சளா என்பதற்குப் பிறகுதான் வரும்.

அந்த வளவின் தென் ஓரத்து மரங்களில் புழு விழுந்திருந்தது.

மற்றவர்களின் வளவில் ஓலை வெட்டுவதென்றால் சொந்தக்காரரிடம் கேட்க வேண்டும், ஏன் எதற்கு என்று விளக்க வேண்டும். மாமியின் வளவுக்குள் நுழைய எனக்கு யாருடைய அனுமதியும் வேண்டியதில்லை. சைக்கிளைக் கிணற்றடியில் சாத்திவிட்டு “மாமி” என்று ஒரு குரல் கொடுத்தால் போதும். குசினிக்குள்ளிருந்து தேத்தண்ணி வரும்.

“புழுவுக்கு ஏதும் செய்யேலாதா மனே?” என்று மாமி கேட்டார். “ஓலைய வெட்டி எரிக்கட்டா? முந்தி அப்படித்தானே செய்யிற.”

“எரிச்சுப்போடாதீங்க மாமி,” என்றேன். “ஓலைக்குள்ள குளவியும் இரிக்கும். எரிச்சா அதுவும் செத்துப்போயிரும்.”

நான் சொன்னது விஞ்ஞானத்தில் உண்மை. குளவி விழுந்த ஓலையை எரிப்பது, வைத்தியனை வீட்டோடு வைத்து எரிப்பதுபோல. ஆனால் அந்த வளவில் அன்றைக்கு ஒரு குளவியும் இல்லை. நான் விடவில்லை. விடப்போவதாகவும் எனக்கு எண்ணமில்லை. நிலையத்துக்குப் புழு வேண்டியிருந்தது. அதிகாரி கேட்டபோது, “அது எங்கட சொந்தக்கார வளவு சேர், நானே பார்த்துக்கொள்ளுறன்” என்றேன். அவர் நம்பினார்.

கிழமைக்கொரு தடவை போனேன். மரம் ஏற பெரியநீலாவணையிலிருந்து ஒருவர் வருவார். ஊரிலுள்ள வளவுகளில் பாதிக்கு அவர்தான் தேங்காய் பறிப்பவர், வாய் ஓயாதவர். மேலே ஓலைகளின் வட்டுக்குள் நின்றுகொண்டு பேசினால் தெருவுக்குக் கேட்கும்.

“உம்மோய்,” என்று மாமியைக் கூப்பிடுவார். “இந்தத் தம்பி புழு பார்க்கவா வாறார், வேற என்னவும் பார்க்கவா வாறார்?”

“மட்டைய வெட்டிப்போட்டு இறங்கு நீ,” என்பார் மாமி. கோபம்போல் இருக்கும், ஆனால் முகத்தில் கோபம் இருக்காது.

“இல்ல, கேட்டன். பக்கத்து வளவிலயும் புழு இரிக்கி. அங்க ஒரு நாளும் இவரக் காணல்ல. அங்க பொம்புளப் புள்ளையும் இல்ல.”

குசினிக்குள் மச்சி சிரிப்பது கேட்கும்.

இதை விளங்காதவன் போல் நான் நடித்தேன். விளங்கியது. மாமியின் மகள் மீது முதல் உரிமை மச்சானுக்கு என்பது ஊர் வழக்கம். அவன் வேண்டாம் என்றால்தான் மற்றவர்கள் கேட்பார்கள். கிழமைக்குக் கிழமை சைக்கிளில் வந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகிற மச்சானைப் பற்றி மாமி என்ன நினைப்பார் என்று எனக்குத் தெரியும். நினைக்கட்டும் என்று விட்டேன். அப்படி நினைத்தபடியால்தான் ஓலையை எரிக்காமல் எனக்காக வைத்திருந்தார். ஓலையின் கீழ்ப்பக்கத்தில் புழு கட்டியிருக்கும் கூண்டு கலையாமல் இருக்க வேண்டும் என்று நான் சொன்னதைக் கேட்டு, வெட்டிய ஓலையை நிழலில் அடுக்கி ஈரச்சாக்கால் மூடிக்கூட வைத்தார்.

மச்சி அந்த ஓலைகளோடுதான் பகல் முழுவதும் இருந்தாள். நான் கழித்துவிட்ட மட்டைகளில் நல்லதைப் பார்த்து எடுத்துக் கூரைக் கிடுகு இழைப்பாள், ஈர்க்கு வார்வாள். ஒருநாள் குசினிக் கதவுக்குள் நின்றபடியே, “மச்சான், அந்தக் கண்ணாடிய ஒருக்காத் தாங்களன், என்னத்தத்தான் பார்க்கிறீங்க எண்டு நானும் பார்ப்பம்,” என்றாள். மாமி பக்கத்தில் இருந்தார். கொடுத்தேன். நிலையத்திலிருந்து கொண்டுவந்திருந்த குழாய் ஒன்றையும் கொடுத்தேன்.

அவள் மற்றவர்களைப்போல் சீ என்று திருப்பித் தரவில்லை. வெகுநேரம் பார்த்தாள்.

“இந்தக் கறுப்புத்தான் தாயா?”

“ஓம்.”

“முட்ட போட்டு முடிஞ்சிதானே. இன்னும் என்னத்துக்கு நிக்கிது?”

“காவல்.”

“யாருக்குப் பயந்து?”

“வேற குளவி வந்து இந்தக் கூட்டுக்குள்ள முட்ட போட்டிரும். அதுக்கு.”

“குளவிக்கும் குளவியா?” கண்ணாடியை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள். “அப்ப அந்தக் குளவிக்கு?”

“அதுக்கும் இரிக்கலாம். தெரியா.”

“தெரியாதா? இவ்வளவு படிச்சும்?” உம்மாவின் பக்கம் திரும்பினாள். “உம்மோ, ஒங்கட அண்ணன்ட மகனுக்குத் தெரியாததும் இரிக்காம்.”

அன்றிலிருந்து நான் போகும்போதெல்லாம் அவளிடம் ஒரு கேள்வி இருக்கும். புழு ஏன் தன் எச்சத்தாலேயே வீடு கட்டுகிறது? குளவி அந்தக் குழலுக்குள் நுழைய வழி எப்படித் தெரியும்? மணத்திலா? சிலதற்கு அதிகாரியிடம் கேட்டுப் பதில் கொண்டுபோனேன். சிலதற்கு அவரிடமும் பதில் இல்லை. அந்தக் கேள்விகளில் இரண்டை என் பிற்கால உத்தியோகத்தில் நான் வருடக்கணக்காகத் துருவிக்கொண்டிருந்தேன். யாருடைய கேள்வி என்று எங்கும் சொல்லவில்லை.

நோன்புக்கு முந்திய மாதத்தில் மாமி என்னை உட்கார வைத்துச் சொன்னார். மருதமுனையிலிருந்து ஒரு பேச்சு வந்திருக்கிறது. நெசவுக்காரக் குடும்பம், சொந்தமாகத் தறிகள். பெடியன் நல்லவன், தொழுகையாளி. ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு ஆட்கள் வளவு பார்க்க வருவார்கள். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்ல வேண்டும் என்பதற்காகத்தான் சொன்னார். நான் தேத்தண்ணியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

“சரி மனே,” என்றார் கடைசியில். “அப்படியெண்டா அதுக்குள்ள மரத்தப் பச்சையாக்கித் தா. அவளுக்கு வேற ஒண்டும் இல்ல. இந்த மரந்தான்.”

“ஆக்கித்தாறன் மாமி.”

அப்போது குளவி விட்டிருந்தால் நேரம் போதுமாயிருந்திருக்கும். கருகிய ஓலை பச்சையாகாது, ஆனால் மேலே விரிகிற புது ஓலைகள் சுத்தமாக விரிந்திருக்கும். பார்க்கிறவன் கண் மேலேதான் போகும். அடுத்த தொகுதியிலிருந்து கொஞ்சம் விடுவோம் என்று நினைத்தேன். அடுத்த தொகுதி பொத்துவிலுக்குப் போயிற்று. அதற்கடுத்ததையும் அனுப்பினேன். ஒவ்வொரு முறையும் ஒரு காரணம் இருந்தது. ஒவ்வொரு காரணமும் நல்ல காரணமாகவே இருந்தது.

நோன்பு நடுவில் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. மாமியின் வளவில் குளவி தானாகவே வந்துவிட்டது. வெட்டி விழுந்த ஓலையைத் திருப்பினால், புழுக்கூண்டுக்குள் புழுவில்லை. காய்ந்த தோலும் வரிசையாகப் பட்டுக் கூடுகளும். நாங்கள் வேறு வளவில் விட்ட குளவியின் பிள்ளைகள் காற்றோடு வந்தனவா, காட்டிலே எப்போதும் இருந்தவைதானா, தெரியாது. சந்தோஷத்தில் நோன்பின் களைப்பையும் மறந்து ஓலை ஓலையாகத் திருப்பினேன். இன்னும் கொஞ்ச நாள் சும்மா விட்டிருந்தால் அவையே வளவைத் துப்புரவாக்கியிருக்கும். நான் ஒன்றுமே செய்யத் தேவையில்லை. மாமிக்குக் கொடுத்த வாக்கு தன்பாட்டில் நிறைவேறியிருக்கும்.

ஆனால் நிலையத்தில் எங்கள் குளவிகள் அந்த மாதம் சோர்ந்துபோயிருந்தன. தலைமுறை தலைமுறையாகக் குழாய்க்குள்ளேயே பிறந்து குழாய்க்குள்ளேயே சேர்ந்ததாலோ என்னவோ, முட்டை குறைந்துகொண்டு வந்தது. வெளியிலிருந்து புது இரத்தம் வேண்டும் என்று அதிகாரி சொல்லிக்கொண்டிருந்தார். இதோ அது என் கைக்கருகில் இருந்தது. இதுவரை நான் கண்ணால் காணாத அளவுக்கு, வெயிலில் பிறந்து வளர்ந்த, வேகமான குளவிகள்.

கூடுள்ள ஓலைகளை எல்லாம் வெட்டச் சொன்னேன். ஒன்று விடாமல் கத்தரித்து எடுத்தேன். அதற்கடுத்த கிழமையும் வந்து எடுத்தேன். குளவியையும் கொண்டுபோய், குளவிக்குத் தீனியாகப் புழுவையும் கொண்டுபோனேன். ஆனால் புழு மரத்தில் மிச்சம் இருந்தது, குளவி இருக்கவில்லை.

நிலையத்தில் வளர்ப்பு எழும்பி நின்றது. அதிகாரி என் தோளில் தட்டினார். சிபாரிசுக் கடிதம் போனது.

ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு மருதமுனை ஆட்கள் வந்தார்கள். நானும் இருக்க வேண்டும் என்று மாமி சொல்லி அனுப்பியிருந்தார். வாப்பாவும் வந்தார். பெடியனின் தாய்மாமன்தான் முன்னால் வந்தவர், வெள்ளைச் சாரன், வெள்ளைத் தொப்பி, பேச்சில் மிகவும் மரியாதை. முற்றத்தில் போட்ட மர வாங்கில் இருந்துகொண்டு நிமிர்ந்து பார்த்தார். வளவின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெதுவாகக் கண்ணால் போனார். தென் ஓரத்திலிருந்து புழு பரவி, எல்லா மரமும் சுட்டதுபோல் நின்றது. அடியில் விழுந்து கிடந்த குரும்பைகளை மாமி அன்று விடியவே கூட்டி அள்ளியிருந்தார்; ஆட்கள் இருந்த நேரத்தில் இன்னொன்று விழுந்தது.

“மரத்துக்கு என்ன வருத்தம்?” என்று கேட்டார் அவர்.

“புழு, காக்கா,” என்றார் வாப்பா, அவரை அண்ணன் முறை வைத்து. “இப்ப எங்கயும் இரிக்கிறதுதானே.”

“எங்க பக்கம் குளவி விட்டாங்க. இப்ப நல்லம்.” அவர் என்னைப் பார்த்தார். “இவர்தானே அந்த உத்தியோகம்? இஞ்ச விடல்லையா?”

“அவன்தான் பார்க்கிறான்,” என்றார் மாமி கதவுக்குப் பின்னாலிருந்து. “கிழமைக்குக் கிழமை வந்து பார்க்கிறான்.”

“அப்படியா. மச்சான் முறையா?”

“ஓம்.”

அவர் தலையாட்டினார். வேறொன்றும் கேட்கவில்லை. தேத்தண்ணி குடித்தார்கள். சோறு ஆக்கி வைத்திருந்தது. அவசரமாகப் போக வேண்டும் என்றார்கள். யோசித்துச் சொல்லி அனுப்புவதாகச் சொன்னார்கள். மரத்தைப் பார்த்தார்களா, என்னைப் பார்த்தார்களா, எது அவர்களைத் திருப்பி அனுப்பியது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சொல்லி அனுப்பவில்லை. சாய்ந்தமருதில் பெண் எடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டோம்.

“போகட்டும்,” என்றார் மாமி, அந்தச் செய்தி வந்த அன்று. “அல்லாஹ் நாடல்ல. நீ இரிக்காய்தானே மனே.”

அதைக் கேட்ட நேரத்தில்கூட நான் உண்மையைச் சொல்லியிருக்கலாம். “எனக்குப் பயிற்சிக்குப் போக வேணும் மாமி, இப்ப கலியாணம் எண்டா…” என்று இழுத்தேன். மாமி எழும்பிக் குசினிக்குள் போய்விட்டார். அடுப்பு ஊதும் சத்தம் கேட்டது. அடுப்பு ஏற்கெனவே எரிந்துகொண்டுதான் இருந்தது.

சைக்கிளை எடுக்கக் கிணற்றடிக்குப் போனேன். மச்சி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வாளியோடு நின்றாள். தண்ணீர் அள்ளவில்லை.

“மச்சான், ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“நோன்புக்குள்ள நீங்க வெட்டிக்கொண்டு போனீங்களே ஓல, அதில இருந்தது புழுவா, குளவியா?”

நான் சைக்கிளை நிமிர்த்தினேன்.

“நீங்கதானே கண்ணாடியத் தந்து காட்டித் தந்தீங்க. வெள்ளக் கூடு வரிசையா இருந்தா குளவி எண்டு. கிடுகு இழைக்கக்குள்ள எனக்கும் ஒண்டு ரெண்டு ஆப்பிட்டிச்சி. தாயும் நிண்டிச்சி. அத நான் மரத்தடியில ஓலையோட சாத்தி வச்சன், பொரிச்சு மேல போகட்டும் எண்டு. அதையும் பொறுக்கிக்கொண்டு போயிட்டீங்க.”

“நிலையத்துக்கு வேணுமா இருந்திச்சி…”

“எங்களுக்கு வேணாமா?” குரலை உயர்த்தவில்லை. “உம்மாக்குச் சொல்லல்ல. அவ ஒங்கள நம்பிக்கொண்டு இரிக்கா, அதையும் நான் உடைக்கணுமா? ஒண்டு மட்டும் சொல்லிப்போட்டன், ஒங்களக் கட்டுற ஆசையில நான் இதக் கதைக்கல்ல. புழுவப் பார்க்கிற கண்ணால மனிசரப் பார்க்கிற ஆளோட எனக்கு ஏலா.”

வாளியைக் கிணற்றுக்குள் விட்டாள். கயிறு ஓடும் சத்தத்தோடு, “இனியாவது விடுங்க,” என்றாள்.

விட்டேன். யாரையும் கேட்காமல், ஒரு முழுத் தொகுதியையும் அங்கே கொண்டுபோனேன். மரமேறுபவர் ஒவ்வொரு மரமாக ஏறிக் குழாய்களின் பஞ்சை எடுத்துவிட்டு வட்டுக்குள் வைத்தார். அன்று அவர் ஒரு பகிடியும் சொல்லவில்லை. அதற்கடுத்த காற்றுக் காலத்தில் அந்த வளவு பச்சையாக நின்றது என்று வாப்பா எழுதினார். அப்போது நான் மேற்குக் கரையில் இருந்தேன். குளவி தன் வேலையைச் சரியாகச் செய்திருந்தது.

மரம் பச்சையானாலும், ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போன வளவு என்ற பேச்சு மாறவில்லை. வேறு இரண்டு பேச்சு வந்து நின்றுபோயிற்று. கடைசியில் இறக்காமத்தில் பெண்சாதி மௌத்தான ஒரு விவசாயிக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அவருக்குப் பிள்ளைகள் இருந்தன, வயல் இருந்தது, யானை இறங்காமல் வயலுக்குக் காவல் இருக்க ஆள் வேண்டும். அவரால் கரைக்கு வந்து பெண் வீட்டில் இருக்க முடியாது. அதனால் மச்சிதான் போனாள். எங்கள் குடும்பத்தில் உம்மாவின் வீட்டைவிட்டு மாப்பிள்ளையின் வீட்டுக்குப் போன முதல் பெண் அவள். மாமி அந்தப் பச்சை வளவில் தனியாக இருந்து மௌத்தானார். வளவு பிறகு விலைக்குப் போனது.

நான் ஓய்வு பெற்று ஹஜ்ஜுக்குப் போக நாள் குறித்தபோது, வழக்கப்படி சொந்தக்காரர் வீடுகளுக்கெல்லாம் போனேன், தெரிந்தும் தெரியாமலும் செய்த பிழைகளை மன்னித்துப் பொருந்திக்கொள்ளச் சொல்லிக் கேட்பதற்கு. கேட்பவன் ஒரே வசனத்தைச் சொல்வான். கேட்கப்படுபவர் “பொருந்திட்டன், எனக்கும் துஆச் செய்யுங்க” என்பார். அவ்வளவுதான். யாரும் என்ன பிழை என்று கேட்பதில்லை.

இறக்காமத்திலும் போய் அந்த வசனத்தைச் சொன்னேன். மச்சிக்கு முடி நரைத்திருந்தது. முற்றத்தில் நெல் காய்ந்தது; கோழி விரட்டிக்கொண்டு இருந்தாள். பேரப்பிள்ளைகள் சுற்றி நின்றார்கள்.

“என்ன பிழைக்கு மச்சான்?” என்றாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். வாய் வரை வந்தது. பிள்ளைகள் நின்றார்கள், அவளுடைய மருமகள் நின்றாள், அந்தப் பக்கம் அவளுடைய கணவர் நின்றார்.

“பொதுவா…” என்றேன்.

அவள் நெல்லுக்கு வந்த கோழியை விரட்டினாள். பிறகு சிரித்தாள்.

“பொதுவான பிழைக்கெல்லாம் பொருந்திட்டன். நல்லாப் போய்ட்டு வாங்க,” என்றாள். உள்ளே திரும்பி எனக்குத் தேத்தண்ணி ஊற்றச் சொன்னாள்.

ஹஜ் முடித்து வந்தேன். எல்லாரும் ஹாஜியார் என்று கூப்பிடுகிறார்கள். இன்னொருமுறை இறக்காமத்துக்குப் போக வேண்டும், தனியாகக் கண்டு பெயர் சொல்லிக் கேட்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். அடுத்த கிழமை, அடுத்த மாதம் என்று. நான் போனது அவளுடைய ஜனாஸா அடக்கத்துக்கு. கேட்டிருந்தால் பொருந்தியிருப்பாளா என்பது எனக்குத் தெரியாது. நான் கேட்கவில்லை.